கச்சத்தீவு அந்தோணியாரின் இயற்பெயர் என்ன, தெரியுமா?

பெர்னாண்டோ! இந்தப் பெயரைக் கேட்டதும் உங்களுக்கு யார் ஞாபகம் வருகிறார்கள்? தூத்துக்குடி, வேம்பார், மணப்பாடு பக்கம் ஏதாவது ஒரு தெருவில் நின்று இந்தப் பெயரைச் சத்தமாகச் சொல்லிப் பாருங்கள். எத்தனை வாசலிலிருந்து தலை நீளும் என்று சொல்லவே முடியாது! பர்னாந்து, பெர்னாந்து, பெர்னாண்டோ என்று எழுத்துதான் வீட்டுக்கு வீடு மாறும். கடலைத் தாண்டி மன்னார், நீர்கொழும்பு, மொறட்டுவை என்று போனாலும் இதே கதை. இலங்கையில் மிகப் பரவலாக இருக்கும் குடும்பப் பெயர்களில் இது ஒன்று!

இது போர்ச்சுகீசியப் பெயர் என்று எல்லோருக்கும் தெரியும். ஆனால் இது போர்ச்சுகலில் பிறந்த பெயரே இல்லை, அது தெரியுமா?

ரோமப் பேரரசு ஆட்டம் கண்ட காலத்தில் விசிகோத்துகள் என்ற ஜெர்மானியக் கூட்டம் ஸ்பெயினுக்கும் போர்ச்சுகலுக்கும் வந்து இறங்கியது. 711ல் அரபுப் படைகள் வரும்வரை அங்கே அவர்கள் ராஜ்யம்தான். அவர்கள் கொண்டுவந்த பெயர்தான் ஃபெர்டினாண்ட்! அந்தச் சொல்லுக்குள் 'பயணம்' இருக்கிறது, 'துணிவு' இருக்கிறது. துணிந்து பயணம் போகிறவன் என்று அர்த்தம் சொல்கிறார்கள். கட்டுமரத்திலும் வள்ளத்திலும் கடலுக்குப் போகிற சனத்துக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் கிடைக்குமா!

இந்தப் பெயரின் சொந்தபந்தங்களைக் கேட்டால் தலை சுற்றும்! உலகைச் சுற்றிவரக் கப்பல் விட்ட மெகல்லன் இருக்கிறாரே, அவருடைய முதல் பெயர் ஃபெர்னாவ். அது பெர்னாண்டோவின் பழைய வடிவம்! மெக்சிகோவை வளைத்துப்போட்ட எர்னான் கோர்ட்டெஸ்? எர்னான் என்றால் ஸ்பானிய நாக்கில் பெர்னாண்டோ! 1492ல் கொலம்பஸை அனுப்பிய ஸ்பெயின் ராஜா? ஃபெர்டினாண்ட்! போர்ஷே கார் நிறுவனத்தைத் தொடங்கியவர்? ஃபெர்டினாண்ட் போர்ஷே! கலிபோர்னியாவில் ஒரு பள்ளத்தாக்கு, டிரினிடாட்டில் ஒரு நகரம், இரண்டுக்குமே சான் ஃபெர்னாண்டோ என்றுதான் பெயர். பிரேசிலுக்குப் பக்கத்தில் ஒரு தீவுக்கூட்டம், ஃபெர்னாண்டோ தெ நொரோன்யா!

இன்னொன்று கேளுங்கள். பாம்பன் ரயில் பாலம் திறந்தது 1914 பிப்ரவரி 24. அதற்கு நான்கு மாதம் கழித்து ஜூன் 28ல் சரயேவோவில் ஒரு துப்பாக்கி வெடித்தது, முதல் உலகப்போர் மூண்டது. சுடப்பட்ட ஆஸ்திரிய இளவரசர் பெயர்? ஃபிரான்ஸ் ஃபெர்டினாண்ட்! அவரும் நம் பர்னாந்துகளின் பெயர்க்காரர்தான்!

இங்கிலாந்துக்காரர்களிடமும் இது குடும்பப் பெயராக உண்டு. கால்பந்து பார்ப்பவர்களுக்கு ரியோ ஃபெர்டினாண்டைத் தெரியாமல் இருக்காது. 2002ல் ஏறத்தாழ 3 கோடி பவுண்டு கொட்டி அவரை வாங்கியது மான்செஸ்டர் யுனைடெட்!

சரி, விஷயத்துக்கு வருவோம். போர்ச்சுகலில் பெர்னாண்டோ என்பது குடும்பப் பெயரே அல்ல என்றால் நம்புவீர்களா?

அங்கே அது ஆளின் பெயர்! நம் ஊர் முருகன், முத்து மாதிரி, பிள்ளை பிறந்ததும் வைக்கிற பெயர். ஸ்பெயினின் கார் பந்தய வீரர் பெர்னாண்டோ அலோன்சோவை வீட்டில் பெர்னாண்டோ என்றுதான் கூப்பிடுவார்கள். குடும்பப் பெயராக வேண்டுமென்றால் வாலில் ஒரு 'எஸ்' ஒட்டிக்கொள்ளும். பெர்னாண்டஸ்! அதாவது பெர்னாண்டோவின் மகன். மான்செஸ்டர் யுனைடெட் வீரர் புரூனோ பெர்னாண்டஸை நினைத்துக்கொள்ளுங்கள். ரோட்ரிகோவின் மகன் ரோட்ரிகஸ். வாஸ்கோவின் மகன்?

வாஸ்!

ஆமாம், சமிந்த வாஸ் பெயரில் ஒளிந்திருப்பது வாஸ்கோடகாமாவின் வாஸ்கோதான்! 2003 உலகக்கோப்பையில் பங்களாதேஷுக்கு எதிராக ஆட்டத்தின் முதல் மூன்று பந்திலேயே மூன்று விக்கெட் எடுத்தாரே, அவர்தான். 2001ல் கொழும்பில் ஜிம்பாப்வேக்கு எதிராக 19 ரன் கொடுத்து 8 விக்கெட் சாய்த்தவரும் அவர்தான்!

ஆனால் அவருடைய இனிஷியலில்தான் உண்மையான புதையல்! ஸ்கோர்போர்டில் டபிள்யூ.பி.யு.ஜே.சி. வாஸ் என்று போடுவார்கள். மொத்தம் ஐந்து எழுத்து! விரித்தால் வர்ணகுலசூரிய பட்டபெந்திகே உஷாந்த ஜோசப் சமிந்த வாஸ். இதில் 'பட்டபெந்தி' என்பது என்ன? பட்டம் கட்டப்பட்டவர். நம் முத்துக்குளித்துறைப் பரதவர் ஊர்த்தலைவரை என்னவென்று சொல்வார்கள்? பட்டங்கட்டி! இரண்டும் ஒரே அச்சு!

அந்த 'வர்ணகுலசூரிய' எங்கிருந்து வந்தது? இலங்கையில் 'முக்கர ஹட்டன' என்று ஒரு பழைய ஏட்டுச்சுவடி உண்டு. கோட்டை ராஜ்யத்து மன்னர் ஆறாம் பராக்கிரமபாகு புத்தளத்தில் சண்டை போட ஆள் தேவைப்பட்டு இந்தியக் கரையிலிருந்து 7,740 வீரர்களை வரவழைத்தார் என்று அந்தச் சுவடி கணக்குச் சொல்கிறது. வந்தவர்களின் குலங்களில் வர்ணகுலசூரியவும் ஒன்று. எந்த ஊர்களிலிருந்து வந்தார்களாம்? காஞ்சிபுரம், காவிரிப்பூம்பட்டினம், அப்புறம் கீழக்கரை! ஆமாம், ராமநாதபுரம் மாவட்டத்துக் கீழக்கரையேதான்! சுவடி சொல்வதை எல்லாம் அப்படியே வரலாறாக எடுத்துக்கொள்ள முடியாது. ஆனால் நீர்கொழும்புப் பக்கத்தில் இன்றைக்கும் வர்ணகுலசூரிய என்று தொடங்கி பெர்னாண்டோ என்று முடியும் பெயர்கள் கொட்டிக் கிடக்கின்றன. பெயரின் தலைப்பக்கம் கீழக்கரை, வால்பக்கம் லிஸ்பன்!

பெர்னாண்டோவைச் சிங்களத்தில் எப்படி எழுதுவார்கள் தெரியுமா? பிரனாந்து! 'எஃப்' நாக்கில் ஏறவில்லை, அவ்வளவுதான். நம்மவர்கள் பர்னாந்து ஆக்கினார்கள், அவர்கள் பிரனாந்து ஆக்கினார்கள். அசித்த, விஷ்வா, அவிஷ்க, ஓஷத என்று இலங்கை கிரிக்கெட் அணியில் சமீப காலத்தில் ஆடியவர்களில் மட்டும் இத்தனை பெர்னாண்டோக்கள். இவர்கள் அண்ணன் தம்பிகள் என்று நினைத்துவிடாதீர்கள்!

'மகன்' வால் போர்ச்சுகீசியர்களுக்கு மட்டும் சொந்தமா? ராமநாதபுரம் அரண்மனைக்கே போவோம், வாருங்கள்.

1798 செப்டம்பர் 10. ராமலிங்க விலாசம். கட்டபொம்மன் வந்து நிற்கிறார். எதிரே கலெக்டர் காலின் ஜாக்சன். 1959ல் வந்த படத்தில் சி.ஆர்.பார்த்திபன் நடித்த அதே ஜாக்சன் துரை! இந்த ஜாக்சன் யார்? ஜாக்கின் சன்! ஜாக் என்றால்? ஜானின் செல்லப்பெயர்! ஜான் என்பதைப் பழைய தமிழ்க் கத்தோலிக்கர்கள் என்னவென்று சொன்னார்கள்? அருளப்பர்! அப்படியானால் கட்டபொம்மனை மிரட்டிய துரையின் குடும்பப் பெயருக்கு நம் ஊர்க் கணக்கில் 'அருளப்பன் மகன்' என்று பொருள்!

ஜான்சனும் அதே அருளப்பன் மகன்தான். ஜோன்ஸ், எவன்ஸ், ரஷ்யாவின் இவானோவ் எல்லாமே ஜானின் பிள்ளைகள்! வில்லின் மகன் வில்சன். ஆண்ட்ரூவின் மகன் ஆண்டர்சன். ஹாரியின் மகன் ஹாரிசன். இப்போது உங்கள் வகுப்பில் படித்த ஜான்சன், வில்சன், நெல்சன், ஜாக்சன் எல்லோரையும் நினைத்துப் பாருங்கள். இங்கிலாந்தில் இவை குடும்பப் பெயர். கன்னியாகுமரி முதல் ராமநாதபுரம் வரை? பிள்ளைக்கு வைக்கிற பெயர்! அப்பா பெயர் செல்வராஜ், மகன் பெயர் ஜான்சன். ஜானுக்கும் அந்த வீட்டுக்கும் சம்பந்தமே இல்லை!

ஆக, இந்தக் கரையில் நடந்தது என்ன? அவர்களுடைய முதல் பெயர் இங்கே வந்து குடும்பப் பெயராயிற்று. அவர்களுடைய குடும்பப் பெயர் இங்கே வந்து முதல் பெயராயிற்று. தலைகீழ்! இதற்கு இன்னும் பெரிய சாட்சிகள் வரிசையில் நிற்கிறார்கள், கொஞ்சம் பொறுங்கள்.

முதலில் இந்தப் பெயர்கள் எப்படி ஒட்டின, அதைப் பார்த்துவிடலாம்.

1530களில் முத்துக்குளிக்கும் உரிமைக்காகக் கடலில் கடும் போட்டி. பரதவர்களின் பட்டங்கட்டிகள் 1535 வாக்கில் கொச்சிக்குப் போய்ப் போர்ச்சுகீசியர்களிடம் பாதுகாப்புக் கேட்டார்கள். ஞானஸ்நானம் பெற்றுக்கொண்டு திரும்பினார்கள். அடுத்த ஒன்றிரண்டு வருடத்தில் ஞானஸ்நானம் பெற்றவர்கள் எத்தனை பேர் தெரியுமா? சுமார் 20,000 என்பது வரலாற்று நூல்கள் தரும் கணக்கு! இத்தனை பேருக்கும் பெயர் வேண்டுமே! ஞானத்தகப்பனாக நின்ற கப்பல் தலைவன், சிப்பாய், வியாபாரி பெயரெல்லாம் ஞானப்பிள்ளைகள் தலையில் இறங்கியது. பெர்னாண்டோ என்று பெயர் இருந்தால் போர்ச்சுகீசிய ரத்தம் ஓடுகிறது என்று சிலர் அடித்துச் சொல்வார்கள். அதை நம்பாதீர்கள்! பெரும்பாலும் அது தண்ணீர் ஊற்றி வந்த பெயர், ரத்தத்தில் வந்தது அல்ல.

1542ல் வந்தார் பிரான்சிஸ் சவேரியார். கையில் ஒரு மணியை ஆட்டிக்கொண்டு தெருத்தெருவாகப் போய்ப் பிள்ளைகளைக் கூட்டுவார். திருவிதாங்கூர்க் கரையில் ஒரே மாதத்தில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு ஞானஸ்நானம் கொடுத்ததாக 1545 ஜனவரியில் அவரே கடிதம் எழுதியிருக்கிறார்! ஒரு நாளைக்கு எத்தனை என்று நீங்களே வகுத்துக்கொள்ளுங்கள். ஞானஸ்நானம் கொடுத்துக் கொடுத்துக் கை ஓய்ந்துபோகிறது என்று இன்னொரு கடிதத்தில் எழுதுகிறார்.

அந்தக் காட்சியைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பாருங்கள். முதலில் ஆண்கள் வந்து நிற்கிறார்கள். தண்ணீர் ஊற்றுகிறார். ஒவ்வொருவருக்கும் புதுப்பெயர் சொல்கிறார். சொன்னால் போதுமா? முந்தாநாள் வரை வேறு பெயரில் இருந்த மனிதர், வாயில் நுழையாத ஒரு பெயரை ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டாமா? அதனால் ஆளுக்கு ஒரு சீட்டு! அவரவர் புதுப்பெயரை எழுதிக் கையில் கொடுத்துவிடுகிறார். சீட்டை வாங்கிக்கொண்டு ஆண்கள் வீட்டுக்குப் போய்ப் பெண்களை அனுப்புகிறார்கள். மறுபடி வரிசை, மறுபடி தண்ணீர், மறுபடி சீட்டு! பிறப்புச் சான்றிதழ், ஆதார் எல்லாம் வருவதற்குப் பல நூறு வருடம் முன்னால் இந்தத் தென்கரையில் நடந்த பெயர் பதிவு முகாம்!

ராமேஸ்வரம் போகிற வழியில் மண்டபத்துக்கு முன்னால் வேதாளை என்று ஒரு ஊர் வருமே, கவனித்திருக்கிறீர்களா? பஸ் வேகத்தில் கண்ணில் படாமல் போய்விடும். அந்தச் சின்ன ஊருக்கு எத்தனை பெரிய கதைகள்!

1538ல் கோழிக்கோட்டு சாமூத்திரியின் கப்பற்படைக்கும் போர்ச்சுகீசியர்களுக்கும் பெரிய கடற்சண்டை நடந்தது இந்த வேதாளையில். போர்ச்சுகீசியத் தளபதி மார்த்திம் அஃபோன்சோ தெ சூசா. இவர் பெயரில் இருக்கும் சூசா என்ன? போர்ச்சுகலில் ஓடுகிற ஒரு ஆறு! நம் டிசூசாக்கள் எல்லோரும் சூசா ஆற்றங்கரைக்காரர்கள்! இலங்கையில் அதுவே டி சொய்சா. இன்னொரு ஆச்சரியம், இதே மனிதர் வேதாளைக்கு வருவதற்கு ஆறு வருடம் முன்னால் 1532ல் பிரேசிலில் சாவோ விசென்ட் என்ற ஊரை உண்டாக்கியவர். பிரேசிலில் போர்ச்சுகீசியர்களின் முதல் நிரந்தரக் குடியிருப்பு அதுதான்! அதற்கும் அப்புறம் சவேரியாரை இந்தியாவுக்குக் கூட்டிவந்த கப்பலிலும் இவரே வந்தார்!

பதினோரு வருடம் கழித்து மறுபடி வேதாளை! இப்போது அங்கே போர்ச்சுகீசியக் கேப்டன் ஒருவர் ராமேஸ்வரம் போகிற யாத்ரீகர்களை மறித்து வரி வசூலிக்கிறார். அவர் பெயர் ஜோவாம் பெர்னாண்டஸ் கொரேயா. பெர்னாண்டஸும் கொரேயாவும் ஒரே ஆளிடம்! பர்னாந்து, கொரேரா என்று இரண்டு குடும்பப் பெயரும் இன்றைக்கும் நம் கரையில் உயிரோடு இருக்கின்றன. காசிக்கும் ராமேஸ்வரத்துக்கும் நடக்கிற யாத்ரீகனிடம் வரி கேட்டால் ஊர் சும்மா இருக்குமா? 1549ல் படை வந்தது, சண்டை மூண்டது. நடுவில் சிக்கி உயிர்விட்டவர் ஒரு இத்தாலியப் பாதிரியார். உலகம் முழுவதிலும் இயேசு சபைக்கு அவர்தான் முதல் ரத்தசாட்சி! அவருடைய குடும்பப் பெயரைக் கேட்டால் சிரிப்பதா அழுவதா தெரியாது. அந்தோனியோ கிரிமினாலி!

இனிமேல் கல்யாணப் பத்திரிகையில் இந்தப் பெயர்களைப் பார்த்தால் அர்த்தத்தோடு படியுங்கள்! பெரேரா என்றால் பேரி மரம். பேரிக்காயில் இருக்கும் 'பேரி'யும் போர்ச்சுகீசியம் தந்ததே! சில்வா என்றால் காடு. ஒலிவேரா, ஒலிவ மரம். கொரேரா, தோல்வார். மச்சாது, கோடரி. லோபோ, ஓநாய். கொயெல்யோ, முயல்! ஃபொன்சேகா, வற்றிப்போன ஊற்று. கோஸ்டா, கடற்கரை. அல்மெய்டா அரபியிலிருந்து போர்ச்சுகீசியத்துக்குள் புகுந்த பெயர். மேசையைக் குறிக்கும் அரபுச் சொல் அதற்குள் இருக்கிறது!

1806ல் தூத்துக்குடி பனிமய மாதாவுக்குப் பொன் தேர் செய்துகொடுத்த பரதவர் சாதித்தலைவரின் பெயர் தொன் கபிரியேல் தெக்குரூஸ் வாஸ் கோமஸ். ஒரே மனிதருக்கு மூன்று குடும்பப் பெயர்! (பனியே விழாத தூத்துக்குடியில் பனிமய மாதா, அது இன்னொரு ஆச்சரியம்.) நம்மைச் சிரிக்கவைத்த சந்திரபாபு 1927ல் அதே தூத்துக்குடியில் பிறந்தவர். ஜோசப் பனிமயதாஸ் ரோட்ரிகஸ் என்று சொன்னால் அவரைத்தான் சொல்கிறோம் என்று எத்தனை பேருக்குத் தெரியும்? உப்புத்தண்ணீரில் தவித்த அந்த ஊருக்கு வல்லநாட்டிலிருந்து தாமிரபரணித் தண்ணீரைக் கொண்டுவந்த நகராட்சித் தலைவர் யார்? ராவ் பகதூர் குரூஸ் பர்னாந்து! 'கொற்கை' நாவலுக்கு 2013ல் சாகித்ய அகாதமி விருது வாங்கியவர்? ஜோ டி குரூஸ்! ராமநாதபுரம் மாவட்டத்தின் தென்கோடியில் மூக்கையூரை ஒட்டி ரோச்மா நகர் என்று ஒரு மீனவர் ஊரே இருக்கிறது. ரோச் என்றால் பாறை!

இப்போது பொறுக்கச் சொன்ன சாட்சிகள்!

பிரிட்டோ. சிவகங்கை, ராமநாதபுரம் பக்கம் இந்தப் பெயரில் ஒரு நண்பராவது இல்லாதவர் உண்டா? பள்ளிக்கூடத்துக்குப் பெயர், பிள்ளைக்குப் பெயர், கடைக்குப் பெயர்! ஆனால் போர்ச்சுகலில் பிரிட்டோ என்பது சுத்தமான குடும்பப் பெயர். ஒரு ஊரின் பெயர்! 1647 மார்ச் 1ல் லிஸ்பனில் பிறந்தவர் ஜோவாம் தெ பிரிட்டோ. அப்பா பிரேசிலில் ரியோ தெ ஜனெய்ரோவின் ஆளுநராக இருந்தவர். பிள்ளை இளவரசனோடு அரண்மனையில் வளர்ந்தது. அந்தப் பிள்ளைதான் காவி உடுத்தி, மரக்கறி மட்டும் சாப்பிட்டு, அருளானந்தர் என்று பெயர் மாற்றிக்கொண்டு மறவர் சீமையில் நடந்தது! 1693 பிப்ரவரி 4ல் ஓரியூரில் தலை வெட்டப்பட்டு இறந்தார். அந்த இடத்துச் செம்மண்ணை இன்றைக்கும் பக்தர்கள் மடியில் முடிந்துகொண்டு போகிறார்கள். 1947ல் புனிதர் பட்டம். அவர் கழற்றிவைத்த குடும்பப் பெயரும் இங்கே வாழ்கிறது, மாட்டிக்கொண்ட தமிழ்ப் பெயரும் வாழ்கிறது. ஒரு வீட்டில் அண்ணன் பிரிட்டோ, தம்பி அருளானந்தம்! ரெண்டு பேரும் ஒரே ஆள் பெயரைத் தாங்குகிறார்கள் என்று அவர்களுக்கே தெரியுமோ என்னவோ!

சேவியர் கதை அதைவிட அதிசயம். அது ஆள் பெயரே இல்லை, ஒரு கோட்டையின் பெயர்! ஸ்பெயினின் நவார் பகுதியில் சவேரியாரின் குடும்பத்துக்கு இருந்த கோட்டை. அந்தப் பெயருக்குப் பாஸ்க் மொழியில் என்ன அர்த்தம்? புது வீடு! அதிலிருந்துதான் சவேரியார், சவரிமுத்து, சவரிராயன் எல்லாரும் வந்தார்கள். ஸ்பானிய மொழியில் அதுவே ஹாவியர். ஹாலிவுட்டில் ஆஸ்கார் வாங்கிய ஹாவியர் பார்தெமும் தங்கச்சிமடத்துச் சவரிமுத்துவும் பெயர்க்காரர்கள்! எக்ஸ்மென் படத்தில் சக்கர நாற்காலியில் உட்கார்ந்து மனத்தால் உலகை ஆட்டுகிற பேராசிரியர் சேவியரும் இந்த 'புது வீட்டு'க்காரர்தான்!

தங்கச்சிமடம் என்றதும் ஞாபகம் வருகிறது. அங்கே வேர்க்காட்டில் சந்தியாகப்பர் கோயில் இருக்கிறதல்லவா? ஜூலை மாதத் திருவிழாவுக்கு மூன்று மதத்துச் சனமும் கூடும். 'சந்தியாகு' என்று கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கிற மீனவர்கள் தீவில் எத்தனை பேர்! சந்தியாகு என்றால் சாந்த் யாகோ, புனித யாகப்பர். சிலி நாட்டுத் தலைநகர் சந்தியாகோ இவர் பெயரில்தான்! 1541 ஏப்ரல் 7ல் சவேரியார் லிஸ்பனில் ஏறிய கப்பலின் பெயர் என்ன? சந்தியாகோ! ஹெமிங்வேயின் 'கிழவனும் கடலும்' கதையில் தன்னந்தனியாகப் பெரிய மீனோடு மல்லுக்கட்டுகிறாரே ஒரு கிழட்டு மீனவர், அவர் பெயர்? அதுவும் சந்தியாகோ!

ராமேஸ்வரம் தூக்குப்பாலத்தில்கூட ஒரு குடும்பப் பெயர் தொங்கிக்கொண்டிருந்தது. ஷெர்சர்! அமெரிக்கப் பொறியாளர் வில்லியம் டொனால்ட் ஷெர்சர் கண்டுபிடித்த முறை அது. ஷெர்சர் என்றால் ஜெர்மனில் வேடிக்கைக்காரர். பாவம், அவர் 1893லேயே இறந்துவிட்டார். காப்புரிமையே செத்தபிறகுதான் வந்தது! 2025 ஏப்ரல் 6ல் திறந்த புதுப்பாலம் லிஃப்ட் மாதிரி நேராக மேலே ஏறுகிறது. ஷெர்சருக்கு அங்கே வேலையில்லை.

கடைசியில், தலைப்பில் கேட்ட கேள்வி!

கச்சத்தீவு. வெறும் 285 ஏக்கர். 1974 ஒப்பந்தத்தில் இலங்கைக்குப் போனது. நல்ல தண்ணீர்கூட இல்லாத அந்தத் தீவில் ஒரே ஒரு கோயில், அந்தோணியார் கோயில். வருடத்துக்கு ஒருமுறை, பிப்ரவரி மார்ச்சில் திருவிழா. ராமேஸ்வரத்திலிருந்து படகுகள் போகும், யாழ்ப்பாணத்திலிருந்து படகுகள் வரும். பாஸ்போர்ட் வேண்டாம், விசா வேண்டாம்! இந்தக் கரை ஆளும் அந்தக் கரை ஆளும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து பூசை காண்பார்கள். 1964 புயலில் இடிந்துபோன தனுஷ்கோடி தேவாலயமும் அந்தோணியாருக்குக் கட்டியதுதான். இந்தக் கடற்கரையில் அந்தோணியார் குருசடி இல்லாத ஊரைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். காணாமல்போன வலையா, பாதை தவறிய படகா, எல்லாவற்றுக்கும் அவரிடம்தான் முறையீடு!

பதுவை அந்தோணியார் என்று சொல்கிறோம். பதுவை இத்தாலியில் இருக்கிறது. அவர் இத்தாலியர் இல்லை, தெரியுமா? 1195ல் லிஸ்பனில் பிறந்த போர்ச்சுகீசியர். 1220ல் பிரான்சிஸ்கன் சபையில் சேர்ந்தபோதுதான் அந்தோணி என்று பெயர் மாற்றிக்கொண்டார். 1231ல் இறந்தார், ஒரு வருடம்கூட முடிவதற்குள் புனிதர் பட்டம் கொடுத்துவிட்டார்கள்!

சரி, பெற்றோர் வைத்த பெயர்?

பெர்னாண்டோ!

அந்தோணியார் சுரூபத்துக்கு முன்னால் மெழுகுவர்த்தி ஏற்றுகிற ஒவ்வொரு பர்னாந்தும் ஏற்றுவது இன்னொரு பர்னாந்துக்கு! அவர் கழற்றிப்போட்ட பெயரை முந்நூறு வருடம் கழித்துப் போர்ச்சுகீசியர்கள் கப்பலில் ஏற்றிவந்து இங்கே இறக்கிவிட்டுப் போயிருக்கிறார்கள்! 1658ல் டச்சுக்காரர்கள் தூத்துக்குடியையும் மன்னாரையும் பிடுங்கிக்கொண்டார்கள். அப்புறம் ஆங்கிலேயர் வந்தார்கள், போனார்கள். கோட்டை போயிற்று, கொடி போயிற்று. பெயர் மட்டும் அசையவில்லை!

இத்தனை நடந்த இந்தக் கரையில் குடும்பப் பெயரே இல்லாமல் உலகப் புகழ் பெற்றவர் ஒருவர் உண்டு. அவுல் பக்கீர் ஜைனுலாப்தீன் அப்துல் கலாம்! கொள்ளுத்தாத்தா, தாத்தா, அப்பா என்று மூன்று தலைமுறையும் இனிஷியலில் ஏறி உட்கார்ந்திருக்க, கடைசியில்தான் அவர் பெயர். நம்மில் பெரும்பாலானவர்கள் அப்படித்தான். இனிஷியல் போட்டால் வேலை முடிந்தது, அடுத்த தலைமுறையில் அது தானாக மாறிவிடும்.

ஆனால் வெளிநாடு போனால்? பாஸ்போர்ட்டில் 'குடும்பப் பெயர்' என்று ஒரு கட்டம் வாயைத் திறந்துகொண்டு நிற்கும். அப்பா பெயரை அதில் போடுகிறோம். கனடாவில் அமைச்சராக இருக்கும் ஹரி ஆனந்தசங்கரியைத் தெரியுமல்லவா? ஆனந்தசங்கரி என்பது அவருடைய அப்பா, இலங்கைத் தமிழர் விடுதலைக் கூட்டணித் தலைவர் வீ.ஆனந்தசங்கரியின் சொந்தப் பெயர். மகனுக்கு அது குடும்பப் பெயராகிவிட்டது! பெர்னாண்டோவின் மகன் பெர்னாண்டஸ் ஆன அதே வழி. டொரன்டோவிலும் லண்டனிலும் சிட்னியிலும் இப்போது நம் கண்ணெதிரே நூற்றுக்கணக்கில் தமிழ்க் குடும்பப் பெயர்கள் பிறந்துகொண்டிருக்கின்றன!

அதனால் அடுத்தமுறை பாஸ்போர்ட் விண்ணப்பத்தை நிரப்பும்போது, ஏஜென்ட் சொன்னார் என்று அந்தக் கட்டத்தில் எதையாவது எழுதிவிடாதீர்கள். வீட்டுப் பெரியவர்களைக் கேட்டு, எழுத்துக்கூட்டிப் பார்த்து எழுதுங்கள். அதைச் சுமக்கப்போவது உங்கள் பேரப்பிள்ளைகள்!